அறுநூற்றுப் பதினோரு மேற்கோள்கள்

நான் இதுவரை முப்பத்துநான்கு ஆய்வுக் கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். அவற்றில் முப்பத்துமூன்றை நான் படித்திருக்கிறேன், அச்சுப் பிழை பார்த்தவர் படித்திருக்கிறார், இதழ் நியமித்த இரண்டு மதிப்பீட்டாளர்கள் பாதி வரை படித்திருக்கிறார்கள். மீதி ஒன்றை மட்டும் உலகத்தில் அறுநூற்றுப் பதினோரு பேர் தங்கள் கட்டுரைகளில் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். அவர்கள் படித்தார்களா என்பது வேறு விஷயம்.

ஒரு நோய் ஊருக்குள் எப்படிப் பரவுகிறது, யாரைப் பிடிக்கிறது, யாரை விடுகிறது என்று எண்ணிக் கணக்குப் பார்ப்பது என் தொழில். மருந்து கொடுக்க மாட்டேன், ஊசி போட மாட்டேன். பெயருக்கு முன்னால் டாக்டர் என்று இருப்பதை நம்பி ஒரு தடவை பக்கத்து வீட்டுக்காரர் முழங்கால் வலியோடு வந்தார். அவர் வயதில் நூற்றுக்கு எத்தனை பேருக்கு முழங்கால் வலி இருக்கிறது என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவர் வருவதில்லை.

அந்த அறுநூற்றுப் பதினோரு மேற்கோள் கட்டுரைக்கு எங்கள் துறையில் ‘பெரியவன்’ என்று பெயர். மற்ற பிள்ளைகள் எதுவும் உருப்படவில்லை என்பதைச் சொல்லாமல் சொல்கிற பெயர். பெரியவன் தயவில்தான் நான் இணைப் பேராசிரியர் ஆனேன். பெரியவனைக் காட்டித்தான் துறைத் தலைவர் மூன்று மாநாடுகளுக்குப் போய் வந்தார். பல்கலைக்கழகத் தரவரிசையில் எங்கள் துறை கடைசியிலிருந்து நான்காவதாக இருப்பதும் பெரியவனால்தான். அவன் இல்லாவிட்டால் கடைசி.

கட்டுரை சொல்வது இதுதான்: பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் வந்த அந்தக் காய்ச்சலில், மருத்துவமனைக்குத் தாமதமாக வந்தவர்கள் இறந்தார்கள், சீக்கிரம் வந்தவர்கள் பிழைத்தார்கள். பிழைத்தவர்கள் சராசரியாக மூன்றாம் நாள் வந்தார்கள், இறந்தவர்கள் எட்டாம் நாள். ஒரே மூச்சில் சொல்லிவிடலாம் என்பதால்தான் அத்தனை பேர் எடுத்துச் சொன்னார்கள். சுகாதாரத் துறை இதை வைத்து ஒரு சுவரொட்டி அடித்தது. ‘தாமதம் உயிரைக் குடிக்கும்’ என்று சிவப்பு எழுத்தில், கீழே ஒரு கடிகாரம். எந்த மருத்துவமனைக்குப் போனாலும் ரத்தம் எடுக்கிற அறைக்கு வெளியே அது இருக்கும்.

அந்தக் காய்ச்சலில் இறந்த எழுபத்தொரு பேரில் என் அக்காவின் கணவரும் ஒருவர்.

அத்தான் இறந்த வாரமே அக்கா என்னிடம் சொன்னாள். காய்ச்சல் வந்த இரண்டாம் நாளே அவரைக் கூட்டிக்கொண்டு போனதாகவும், அங்கே மாத்திரை கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டதாகவும், ஐந்தாம் நாள் நினைவு தப்பியபோது மறுபடி தூக்கிக்கொண்டு ஓடியதாகவும் சொன்னாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ‘சரிக்கா, சரிக்கா’ என்றேன். துக்கத்தில் இருப்பவர்களுக்கு நாள் கணக்கு முன்பின்னாகத்தான் இருக்கும். எங்கள் பாடப் புத்தகத்தில் அதற்கு ஒரு தனி அத்தியாயமே உண்டு, நினைவுப் பிழை என்று. அந்த அத்தியாயத்தை நானே மாணவர்களுக்கு நடத்துகிறேன்.

இரண்டு வருடம் கழித்துக் கட்டுரை வந்தது. செய்தித்தாளில் என் படத்தோடு நாலு பத்திச் செய்தி. அத்தானின் அக்கா, அதாவது என் அக்காவின் நாத்தனார், அதைக் கத்தரித்து வைத்துக்கொண்டார். ஒரு கல்யாணப் பந்தியில், எதிரும் புதிருமாக நாங்கள் உட்கார்ந்திருந்தபோது, அவர் அக்காவைப் பார்த்து, ‘தம்பியை வச்சுப் பாத்துக்கிட்டே இருந்துட்டியேன்னு நான் சொன்னா உனக்குக் கோபம் வரும். இப்ப உன் கூடப்பிறந்தவளே எழுதிட்டாளே’ என்றார். பந்தியில் பதினைந்து பேர் இருந்தார்கள். அக்கா என்னைப் பார்த்தாள். நான் தண்ணீர் டம்ளரைப் பார்த்தேன். அதற்குப் பிறகு அக்கா அந்தக் குடும்பத்து விசேஷம் எதற்கும் போகவில்லை, என்னிடம் அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

இது பத்து வருடக் கதை. இனி இந்த வருடத்துக்கு வருகிறேன்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆவதற்குப் பதினான்கு என்ற எண் வேண்டும். பதினான்கு கட்டுரைகள் இருக்க வேண்டும், ஒவ்வொன்றையும் குறைந்தது பதினான்கு பேராவது மேற்கோள் காட்டியிருக்க வேண்டும். அறுநூற்றுப் பதினொன்று வாங்கிய பெரியவனுக்கும் பதினான்கு வாங்கிய சோப்ளாங்கிக்கும் இந்தக் கணக்கில் ஒரே மரியாதை. என் பதினான்காவது கட்டுரை பள்ளிக்கூடக் கழிவறைகளைப் பற்றியது. பதின்மூன்றில் நின்றுகொண்டு ஒன்றரை வருடம் நகரவே இல்லை. கடைசியில் எங்கோ ஒருவர் அதை மேற்கோள் காட்டினார், அது முழுக்கத் தவறு என்று நிரூபிப்பதற்காக. பல்கலைக்கழகத்தில் அதுவும் செல்லும். திட்டினாலும் மேற்கோள் மேற்கோள்தான்.

ஆக எனக்குப் பதினான்கு வந்துவிட்டது. விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு மதிப்பீட்டுப் பிரிவுக்குப் போனேன். அங்கே இருக்கிற அலுவலர் அம்மாள் எல்லோருடைய வாழ்க்கையையும் நிறம் பிரித்த அட்டைக் கோப்புகளில் வைத்திருப்பார். அவர் என் விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது, இந்த வருடம் ஒரு புது விதி வந்திருக்கிறது, அதிக மேற்கோள் பெற்ற கட்டுரையின் மூலத் தரவை நோயாளிகளின் பெயரை நீக்கிவிட்டுச் சேமிப்பகத்தில் ஏற்ற வேண்டும், வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்றார். அரைமணி நேர வேலை. நான் சந்தோஷமாக என் அறைக்கு வந்தேன்.

அந்தக் கோப்பில் பெயர் இருந்த பகுதியை நான் அதுவரை பார்த்ததே இல்லை. கட்டுரை எழுதிய காலத்தில் அதை மறைத்து வைத்துவிட்டுத்தான் கணக்குப் போட்டேன். நோயாளிகளின் அந்தரங்கத்தைக் காப்பதற்காக என்று எல்லோரிடமும் சொன்னேன். அத்தானின் பெயரைப் பார்க்கத் தைரியம் இல்லை என்பதுதான் உண்மை. இப்போது அழிப்பதற்காகத் திறந்தேன். நானூற்று முப்பத்தெட்டு பெயர்கள். வேண்டாம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே கண் கீழே இறங்கியது. இருநூற்றுப் பதினாறாவது வரிசையில் அத்தான் இருந்தார். வயது 46. ஆண். காய்ச்சல் தொடங்கி எத்தனையாவது நாள் முதலில் மருத்துவமனைக்கு வந்தார்: 9. முடிவு: இறப்பு.

பக்கத்திலேயே அவரைச் சேர்த்த தேதியும் இருந்தது. அதற்கு ஒன்பது நாள் முன்னால் அத்தான் எங்கே இருந்தார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். என் வீட்டில் இருந்தார். அன்றுதான் நான் இப்போதிருக்கிற மூன்றாம் மாடிக்குக் குடி வந்தேன், வாடகை ஒப்பந்தத்தில் தேதி இருக்கிறது. சலவை இயந்திரத்தின் ஒரு முனையை அத்தான்தான் பிடித்துக்கொண்டு மூன்று மாடி ஏறினார். புத்தகப் பெட்டிகளைத் தூக்கும்போது, இத்தனையும் படித்துவிட்டா ஒரு தலைவலி மாத்திரைகூட எழுதித் தர மாட்டேன் என்கிறாய் என்று கேலி செய்தார். இரண்டு தடவை சாப்பிட்டார். காய்ச்சல்காரர் செய்கிற வேலை எதுவும் அன்று அவர் செய்யவில்லை.

நடைபாதைக் கோடியில் இருக்கிற இரும்பு அலமாரியில் பழைய படிவங்கள் கட்டுக் கட்டாக இருந்தன. இருநூற்றுப் பதினாறாவது படிவத்தை எடுத்தேன். நர்ஸ் கையெழுத்தில் தெளிவாக 9. கட்டின் அடியில் படிவத்தை எப்படி நிரப்ப வேண்டும் என்று சொல்கிற தாள் இருந்தது. அதில் அந்தக் கேள்விக்கு நேராக இப்படி இருந்தது: ‘1 முதல் 8 வரை: நாள். எட்டுக்கு மேல் என்றாலும் 8. தெரியவில்லை என்றால் 9.’ தாளின் கீழே அதைத் தயாரித்தவரின் கையொப்பம். என்னுடையது.

எல்லாக் கேள்விகளும் ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும் என்று நாளுக்கு ஒரே ஒரு கட்டம்தான் விட்டிருந்தேன். அந்தச் சிக்கனத்தை அப்போது எல்லோரும் பாராட்டினார்கள். பிறகு காய்ச்சல் ஓய்ந்து, படிவங்களைக் கணினியில் ஏற்றி, நான் கணக்குப் போட உட்கார்ந்தபோது பதினான்கு மாதம் ஆகிவிட்டது. 9 என்றால் ஒன்பது நாள் என்று கணினி நினைத்தது. நானும் நினைத்தேன். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். இங்கே இரண்டு வேலையையும் நான் ஒருத்தியே பார்த்திருக்கிறேன்.

கதவைச் சாத்திவிட்டு மறுபடி எண்ணினேன். இறந்த எழுபத்தொரு பேரில் ஐம்பத்தெட்டு பேருக்கு 9. காரணம் சின்னப் பிள்ளைக்கும் புரியும். நினைவு தப்பி வந்தவரிடம் எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று கேட்டால் பதில் வராது, நர்ஸ் 9 போட்டிருக்கிறார். நினைவு தப்பி வந்தவர்கள்தான் அதிகம் இறந்தார்கள். பதில் சொல்லாத குற்றத்துக்காக அவர்களுக்கு ஆளுக்கு ஒன்பது நாள் தாமதம் என்று நான் தீர்ப்பு எழுதியிருக்கிறேன். கூட வந்தவர்கள் வராந்தாவில்தான் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களைக் கேட்கலாம் என்று என் தாளில் எங்கேயும் இல்லை. அந்த 9-களை நீக்கிவிட்டுப் பார்த்தால், இறந்தவர்களும் மூன்றாம் நாள்தான் வந்திருந்தார்கள், பிழைத்தவர்களும் மூன்றாம் நாள்தான். வித்தியாசம் இல்லை. கட்டுரையும் இல்லை.

நாற்காலியில் உட்கார்ந்தபடி முதலில் நான் நினைத்தது அக்காவை அல்ல. பதினான்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் பதின்மூன்று என்பதைத்தான்.

துறைத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது, அதுவரை எதுவும் நடக்காமல் இருந்தால் போதும் என்று நினைக்கிற நல்ல மனிதர். நான் நீட்டிய தாளை அவர் இரண்டு தடவை படித்தார். முடிவு மாறாமல் பிழையை மட்டும் திருத்த வழி இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். பழைய கோப்பு கெட்டுப்போய்விட்டது, திறக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தால் ஏற்றுக்கொள்வார்கள், போன வருடம் மூன்று பேர் அப்படித்தான் கொடுத்தார்கள் என்றார். பேராசிரியர் ஆன பிறகு ஆற அமரத் திருத்திக்கொள்ளலாமே என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, உண்மையான அக்கறையோடு கேட்டார்.

“சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்கணுமாம்மா? சீக்கிரம் ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னுதானே சொன்னோம். நல்லதுதானே. அதுல யாருக்கு என்ன நஷ்டம்?”

யோசித்துப் பார்த்தால் அது நியாயமான கேள்வி. அறுநூற்றுப் பதினோரு பேரில் ஒருவர்கூட என்னிடம் அதைக் கேட்டதில்லை. எழுபத்தொரு வீடு எனக்கு ஞாபகம் வந்தது. ஒவ்வொரு வீட்டிலும் யாரோ ஒருவரைப் பார்த்து, நீ கொஞ்சம் முன்னாலேயே கூட்டிப் போயிருந்தால் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். மருத்துவமனைக்குப் போனால் சுவரும் சொல்லும். திருப்பி அனுப்பியவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஏனென்றால் அவர்கள் திருப்பி அனுப்பியதே இல்லை என்று கட்டுரை சொல்லிவிட்டது. எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை.

“எங்க அக்காவுக்கு நஷ்டம் சார்,” என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. நான் விளக்கவும் இல்லை. அறைக்கு வந்து, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று இதழுக்கு எழுதினேன். ஏழு வரிக் கடிதம். என் முப்பத்துநான்கு கட்டுரைகளையும்விட அதைத் தெளிவாக எழுதியிருக்கிறேன் என்று நினைக்கிறேன். மறுநாள் பதிலுக்கு ஒரு படிவம் வந்தது. திரும்பப் பெறுவதற்கான காரணம்: திருட்டு, புனைவு, ஆசிரியர்களுக்குள் தகராறு, நேர்மையான பிழை, ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும். நேர்மையான பிழை என்பதில் குறி போட்டேன். அந்த ‘நேர்மையான’ எனக்குக் கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது, ஆனால் வெறும் பிழை என்று தனியாக ஒரு கட்டம் இல்லை.

வெள்ளிக்கிழமை மதிப்பீட்டுப் பிரிவுக்குப் போய் விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அலுவலர் அம்மாள் கோப்பில் பதினான்கை அடித்துப் பதின்மூன்று என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார். போட்டுவிட்டு, திரும்பப் பெறும் அறிவிப்பு என் பெயரில் இதழில் வருமல்லவா, அதுவும் ஒரு வெளியீடுதான், முப்பத்தைந்தாவதாகச் சேர்த்துவிடலாம், பதினான்கு பேர் அதை மேற்கோள் காட்டினால் பழைய எண் திரும்ப வந்துவிடும் என்று ஆறுதல் சொன்னார். நன்றி சொல்லிவிட்டுக் கழிவறைக்குப் போய் அழுதேன். பேராசிரியர் ஆகவில்லையே என்றுதான் அழுதேன். பெரிய மனசுக்காரி மாதிரி வேறு காரணம் சொல்ல விருப்பமில்லை.

முகம் கழுவிக்கொண்டு அக்காவைப் பார்க்கப் போனேன். அக்கா மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். சட்டத்தில் வில்லை பொருத்துவது அவள் வேலை. கடைக்குப் பின்பக்கம் அவளுக்கென்று ஒரு மேசை, விளக்கு, சட்டத்தை இளக்குகிற சூடான மணல் தட்டு. மதியம் என்பதால் கடையில் கூட்டம் இல்லை. நான் போன நடையை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. பத்து வருடப் பழியைத் துடைக்கிறேன், பதவியை விட்டுக்கொடுத்திருக்கிறேன், அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுவாள் என்றெல்லாம் வழி நெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஒரே கட்டம் விட்டது, ஒன்பது, ஐம்பத்தெட்டு பேர், சலவை இயந்திரம், கடிதம். அக்கா ஒரு குழந்தையின் கண்ணாடிச் சட்டத்தை மணலில் புரட்டிக்கொண்டே கேட்டாள். பதவி போனதைச் சொன்னபோது மட்டும் ‘அடடா’ என்றாள். வில்லையை அழுத்திப் பொருத்தினாள். விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.

“இப்ப உன் கணக்குல அவர் எத்தனையாவது நாள் வந்தார்னு இருக்கு?”

“ஒன்பதை எடுத்துட்டேன்க்கா. தெரியவில்லைன்னு மாத்திட்டேன்.”

அக்கா கண்ணாடியை மேசையில் வைத்தாள்.

“எனக்குத் தெரியுமே. ரெண்டாம் நாள். உன்கிட்ட அப்பவே சொன்னேனே.”

“சொன்ன.”

“அப்புறம் எதுக்குத் தெரியலைன்னு போட்டிருக்க?”

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஐம்பத்தெட்டு பேரையும் ஒரே மாதிரிதான் நடத்த வேண்டும், ஒருவருக்கு மட்டும் தெரிந்தவர்கள் சொன்னதை வைத்து நிரப்பக்கூடாது, அது முறையில்லை. சரியான பதில். எந்த இதழும் ஏற்றுக்கொள்ளும். அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் கூட வந்தவள். வராந்தாவில் நின்றவள். அவளை யாரும் கேட்கவில்லை என்று ஐந்து நிமிடத்துக்கு முன்னால்தான் உருகி உருகிச் சொன்னேன். யாரும் கேட்காமலே அவள் வந்து சொன்னதை நான் வாங்கிக்கொள்ளவில்லை என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். வெட்கமாக இருந்தது. அப்படி ஒரு வெட்கத்தை நான் அதற்கு முன் பட்டதில்லை.

“நீ அன்னைக்கு என்னை நம்பலைன்னு எனக்குத் தெரியும்,” என்றாள் அக்கா. குரலில் கோபம் இல்லை. “சரிக்கா சரிக்கான்னு சொன்ன பாரு, அப்பவே தெரிஞ்சுது.”

பிறகு தன் போனை எடுத்தாள். யாருக்கு என்று கேட்டேன். நாத்தனாருக்கு என்றாள். பத்து வருடமாகப் பேசாதவர் எண் அவள் போனில் இருந்தது. தான் சொன்னால் அவர் கேட்க மாட்டார், நான் எழுதியதை வைத்துத்தான் தன்னைப் பேசினார், அதனால் நானே சொல்லட்டும் என்றாள். ஒலிபெருக்கியில் போட்டு, திருகாணிகளையும் வில்லைகளையும் ஒதுக்கிவிட்டு, போனை எனக்கும் அவளுக்கும் நடுவில் வைத்தாள்.

அந்தப் பக்கம் எடுத்தார்கள். நான் யார் என்று சொன்னேன். கட்டுரையில் தவறு நடந்துவிட்டது, அது என் தவறு, திரும்பப் பெற்றுவிட்டேன் என்று சொன்னேன். நாத்தனாருக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிறது.

“அப்ப தம்பியை லேட்டாக் கூட்டிட்டுப் போகலையா?”

“இல்லைங்க. ரெண்டாம் நாளே கூட்டிட்டுப் போனா. அங்கதான் மாத்திரை கொடுத்துத் திருப்பி அனுப்பிட்டாங்க.”

“அது உனக்கு எப்படித் தெரியும்? அதுவும் கணக்குப் போட்டுப் பாத்தியா?”

அக்கா போனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கணக்கு இல்லைங்க,” என்றேன். “அக்கா சொன்னா.”